வெட்ஸ்லார் கோர்ட்டும் என்னுடைய இரண்டு தவணையும்

ஐந்து வருஷம் நான் வெங்காயம் நட்டேன். கனடா அரசாங்கத்துக்குக் கொடுத்த பத்திரத்தில் அப்படித்தான் இருந்தது. எண்பத்தாறிலிருந்து தொண்ணூற்றொன்று வரை யாழ்ப்பாணத்தில் சொந்தத் தோட்டத்தில் வெங்காயம் நட்டு, பிறகு உயிருக்குப் பயந்து கொழும்புக்கு ஓடி, சிங்கப்பூர் வழியாக ரொறொன்ரோவில் வந்து இறங்கினேனாம். உண்மையில் நான் மண்வெட்டி பிடித்தவனே அல்ல. ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேஜராக இருந்தவன். அந்த ஐந்து வருஷமும் நான் இருந்தது ஜேர்மனியில், வெட்ஸ்லார் என்கிற சின்னப் பட்டினத்தில், அகதிகளுக்கு விட்டிருந்த ஒரு பழைய ஹோட்டலின் மூன்றாம் மாடியில்.

பத்திரத்தை எழுதித் தந்தவர் கந்தோர் அண்ணை. ரொறொன்ரோவை ஒட்டிய ஸ்காபரோவில் ஐந்து ஆண்களாகச் சேர்ந்து இருந்த எங்கள் அப்பார்ட்மென்டில் அவர்தான் மூத்தவர். ஊரில் முப்பது வருஷம் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் கிளாக்காக இருந்தவர். வழக்குக்கு வருகிறவன் எதைச் சொல்ல வேண்டும், எதை விழுங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தே மீசை நரைத்தவர். இங்கே வந்து இறங்குகிற சனத்துக்கெல்லாம் கைம்மாறு எதிர்பாராமல் அகதிப் பத்திரம் நிரப்பிக் கொடுத்தார். நல்ல மனுஷன். அவரில் நான் குறை சொல்ல வரவில்லை. குறை சொல்ல வேண்டிய ஆளை இதிலே பிறகு காண்பீர்கள்.

“தம்பி, ஜேர்மனி எண்ட பேரை வாயில எடாதையும்,” என்றார் முதல் நாளே. “அங்க கேஸ் போட்டனீர் எண்டு தெரிஞ்சா அடுத்த பிளேனில உம்மை அங்க ஏத்தி விட்டிடுவாங்கள். அங்க இருந்து நேர கொழும்பு.”

“அப்ப அந்த அஞ்சு வருசம்?”

“தோட்டம் செய்தனீர். வெங்காயம்.”

“எனக்கு வெங்காயம் வெட்டத்தான் தெரியும் அண்ணை.”

“உவங்களுக்கு அதுவும் தெரியாது. நீர் கையெழுத்தை வையும்.”

வைத்தேன். மனைவியும் மகளும் ஊரில் இருந்தார்கள். ஒரே பிள்ளை, அவளுக்கு அப்போது பதினான்கு வயது. என் வழக்கை ஏற்றுக்கொண்டால் இரண்டு பேரையும் கூப்பிடலாம். பிள்ளைக்குப் பத்தொன்பது முடிவதற்குள் அதற்கு விண்ணப்பித்துவிட வேண்டும், அவ்வளவுதான். பதினான்குக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் ஐந்து வருஷம் கிடக்கிறதே, அதற்குள் இரண்டு தரம் வழக்கு முடிந்துவிடும் என்று நானும் அண்ணையும் விரல் மடித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம்.

ஒரு பொய்யைச் சொல்லிவிடுவது பெரிய காரியமில்லை. அதற்குப் பிறகு சொல்லாமல் இருக்க வேண்டியவைதான் மனுஷனை அரிக்கும். அஜின்கோர்ட் பக்கம் ஒரு பாண் ஃபக்டரியில், ரொட்டி சுடுகிற இடத்தில், எனக்குக் காலை ஷிஃப்ட். அங்கே மெஷினில் எழுதியிருந்த ஜேர்மன் எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியும், தெரியாததுபோல நிற்பேன். பகிடி விடுகிற நேரத்தில்கூட அந்த ஐந்து வருஷத்திலிருந்து ஒரு சொல் வெளியே வரக் கூடாது. எல்லாவற்றையும்விடக் கஷ்டம் எது தெரியுமா? வாழ்க்கையில் நான் முழுதாகக் கற்றுத் தேர்ந்த ஒரே ஒரு சரித்திரம் அந்த ஊர்ச் சரித்திரம். அதை ஒரு குருவிக்கும் சொல்ல முடியவில்லை.

வெட்ஸ்லாரில் எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்டத்தின் எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை. சும்மா இருக்கவும் விடமாட்டார்கள். கிழமைக்குச் சில மணித்தியாலம் ஊருக்குக் கூட்டித் துடைக்க வேண்டும். மற்றப் பொடியள் ஆற்றங்கரையில் இலை கூட்டினார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு நூதனசாலை, பழையதுகளைக் காட்சிக்கு வைக்கிற இடம். அப்போதுதான் புதிதாகத் திறந்திருந்தார்கள். அந்த ஊரில் ஒரு காலத்தில் இருந்த கோர்ட்டைப் பற்றிய நூதனசாலை அது.

லேசுப்பட்ட கோர்ட் இல்லை. ஜேர்மன் பேரரசு முழுவதுக்கும், அதாவது அந்தக் காலத்தில் அங்கே இருந்த நூற்றுக்கணக்கான குட்டி அரசர்கள், பிரபுக்கள், ஆயர்மார், சுதந்திர நகரங்கள் எல்லாவற்றுக்கும் மேலே இருந்த உச்ச நீதிமன்றம். ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றைந்தில் தொடங்கியிருக்கிறார்கள். அதுவரைக்கும் இரண்டு பிரபுக்களுக்குள் பிரச்சினை என்றால் ஒருவன் மற்றவனுடைய ஊரை எரிப்பான். இனி எரிக்கக் கூடாது, கோபம் இருந்தால் வழக்குப் போடு என்று சட்டம் வைத்து, அதற்காகவே திறந்த கோர்ட். வயல் உழுகிற ஒரு சாதாரணக் கமக்காரன்கூடத் தன் பிரபுவின் மேல் அங்கே வழக்குப் போடலாம், போட்டும் இருக்கிறார்கள். இதையெல்லாம் எழுதிச் சுவரில் மாட்டியிருந்த அறிவித்தலை அகராதி வைத்து எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்க எனக்கு இரண்டு கிழமை பிடித்தது. முடித்த அன்று எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. என் சங்கக் கடையை ஆமிக்காரர் எரித்தபோது நான் எந்தக் கோர்ட்டுக்குப் போவது? ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின கமக்காரனுக்கு இருந்த வழி எனக்கு இல்லாமல் போயிற்றே என்று துடைப்பத்தை எறிந்துவிட்டு வந்து படுத்துவிட்டேன்.

அடுத்த கிழமை திரும்பப் போய் மிச்சத்தை வாசித்தேன். அந்தக் கோர்ட் முதலில் ஊர் ஊராக அலைந்திருக்கிறது. பிறகு ஸ்பையர் என்ற நகரத்தில் நூற்றறுபது வருஷத்துக்கு மேல். ஆயிரத்து அறுநூற்று எண்பத்தொன்பதில் பிரெஞ்சுப் படை வந்து அந்த நகரத்தை எரித்துவிட, கோர்ட் வெட்ஸ்லாருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அட, இதுவும் எங்களைப்போல அகதியாய் வந்ததுதான் என்று நினைத்துத் தனியாகச் சிரித்தேன்.

அங்கே எல்லாம் எழுத்தில்தான். நேரே நின்று கத்தி வழக்காடுகிறது குறைவு. நீ ஒரு கட்டு எழுதிக் கொடு, அவன் பதிலுக்கு ஒரு கட்டு எழுதிக் கொடுப்பான், அதற்கு நீ இன்னொன்று. ஐம்பது நீதிபதிகள் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சம்பளத்துக்குப் பிரபுக்கள் ஒழுங்காகக் காசு அனுப்பாததால் அதில் பாதிப் பேரும் தேறவில்லை. கட்டுகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. அப்பன் போட்ட வழக்குக்குப் பேரன் அலைந்தான். நூறு வருஷம் தாண்டிய வழக்குகளும் இருந்தன. தன் கட்டை எடுத்துப் பார்க்கச் சொல்லி நச்சரிக்க ஆள் இருந்தால்தான் அது மேசைக்கு வரும். அதற்கென்றே ஊரில் அறை எடுத்துத் தங்கி, காலையில் நீதிபதிகளின் வாசலில் தொப்பியும் கையுமாக நிற்கிற ஒரு கூட்டம் இருந்தது. சிலர் வெறுங்கையோடு நிற்கவில்லை. கைக்கூலி வாங்கியதாக மூன்று நீதிபதிகளுக்கு வேலையே போனது. கடைசியில் ஆயிரத்து எண்ணூற்று ஆறில், ஓர் ஆவணி மாதத்தில், பேரரசர் முடியைக் கழற்றி வைத்தார். பேரரசு முடிந்தது, கோர்ட்டும் முடிந்தது. தீர்ப்பு வராத வழக்குகள் அப்படியே கிடந்தன. பிறகு வந்த அரசுகள் அந்தக் கட்டுகளைச் சகோதரங்கள் காணி பிரிக்கிறதுபோலப் பிரித்துக்கொண்டு போயின.

ஒரே ஒரு அறிவித்தல் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. தாமதத்துக்கு நீதிபதிகளை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. வழக்காளிகளில் பல பேருக்குத் தீர்ப்பே தேவைப்படவில்லையாம். வழக்கு நடக்கிறவரைக்கும் எதிராளி கைவைக்க மாட்டான் என்று அவர்களே திரும்பத் திரும்ப அவகாசம் கேட்டார்களாம். இது நீதிபதிகளின் பரம்பரை எழுதிய கதை என்று நான் நினைத்தேன். ஆனாலும் என் மாமனாரின் ஞாபகம் வந்தது. என் மனைவியின் தகப்பன், ஒரு வேலி நாலு முழம் தள்ளிப் போட்டதற்காக இருபத்திரண்டு வருஷம் வழக்காடியவர். கோர்ட் நாள் வந்தால் அவருக்குக் காய்ச்சலும் வரும். வழக்கை இன்னொரு நாளைக்குத் தள்ளி வைப்பதைத்தான் நாங்கள் தவணை என்போம். தவணை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாரென்றால் அன்றைக்குப் பாயசம் வைக்கச் சொல்வார். எங்கள் சனத்துக்குத் தீர்ப்பில் நம்பிக்கை இல்லை, தவணையில்தான் நம்பிக்கை.

இவ்வளவும் தெரிந்த நான் ரொறொன்ரோவில் என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு எனக்கு விசாரணைக்கு நாள் வந்தது. இரண்டு வருஷம் காத்திருந்து வந்த கடிதம். மகளுக்குப் பதினாறு. நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து, ஐரோப்பாவில் எடுத்த கைரேகையெல்லாம் கனடாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று ஒரு கதை பரவியது. யார் சொன்னது, எங்கே கேட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. கோயிலில் கேட்டேன் என்றார் ஒருவர், சலூனில் என்றார் இன்னொருவர். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் ஒரு முழு ஜேர்மனி இருந்தது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

“தவணை எடும்,” என்றார் கந்தோர் அண்ணை. “இந்தச் சுழி அடங்கட்டும். இப்ப போய் நிண்டால் நேர முதலை வாய்க்குள்ள போற மாதிரி.”

“பிள்ளைக்கு வயசு போகுதே அண்ணை.”

“பதினாறுதானே. மூண்டு வருசம் கிடக்கு. முப்பது வருசம் கோர்ட்டில திரிஞ்ச நான் சொல்லுறன், வழக்கில பிந்தினவன் கெட்டதில்லை.”

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அவர் சொல்லாவிட்டால் நானே கேட்டிருப்பேன், இதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். முதுகுப் பிடிப்பு என்று டொக்டரிடம் துண்டுக் கடிதம் வாங்கி அனுப்பினேன். தவணை தந்தார்கள். அன்றைக்கு மனதில் ஒரு பாரம் இறங்கி, நான் கடையில் ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டு போய் எல்லாருக்கும் சமைத்தேன். மாமனாரின் பாயசத்துக்கும் என் இறைச்சிக்கறிக்கும் என்ன வித்தியாசம்? சொல்லுங்கள் பார்ப்போம்.

ஊருக்குக் கடிதம் எழுதினேன். அந்த நாளில் ஊரில் போன் இல்லை. கடிதம் போய்ச்சேர இரண்டு மாதமும் ஆகும், நாலு மாதமும் ஆகும். “கனடாவில் வழக்குகள் மலைபோலக் குவிந்திருக்கின்றன, நீதிபதிகள் போதாது, இழுபடுகிறது” என்று எழுதினேன். வெட்ஸ்லார் சுவரில் வாசித்த அதே வசனங்கள். அவை பொய்யும் அல்ல, உண்மையில் வழக்குகள் குவிந்துதான் இருந்தன. தவணை கேட்டதை மட்டும் எழுதவில்லை.

அடுத்த விசாரணை நாள் வர ஒன்றரை வருஷம் ஆனது. தொண்ணூற்றைந்து தொடக்கம். பிள்ளைக்குப் பதினெட்டு நடக்கிறது. இந்த முறை எங்கள் கட்டிடத்திலேயே இருந்த ஒரு ஆளை அவனுடைய விசாரணையில் மறித்து, நீ முதலில் சுவிஸில் இருந்தாயா என்று கேட்டுவிட்டார்கள். அவ்வளவுதான், அடுத்தது நான் என்று நினைத்தேன். இதைக் கந்தோர் அண்ணை சொல்லித் தரவில்லை. அவர் அப்போது மகனோடு யூனியன்வில் பக்கம் போய்விட்டார். நானாகத்தான் செய்தேன். விசாரணைக்கு இரண்டு கிழமை இருக்கையில் லோயரை மாற்றினேன். புது லோயருக்குப் படிக்க நேரம் வேண்டும் என்று தவணை கேட்டோம். தந்தார்கள். இந்த முறை இறைச்சி வாங்கவில்லை. பாண் ஃபக்டரியில் ஒரு தட்டு முழுக்கக் கருக விட்டுச் சூப்பவைசரிடம் பேச்சு வாங்கினேன்.

அந்த வருஷக் கடைசியில் எங்கள் ஊர் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. மூன்று மாதம் என் மனைவியும் மகளும் உயிரோடு இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாது. வேலைக்குப் போவேன், வருவேன், சாமிப் படத்துக்கு முன்னால் நின்று சாமியையே ஏசுவேன். தொண்ணூற்றாறு மாசியில் கொழும்பில் இருந்து போன் வந்தது. வன்னி வழியாக வந்து சேர்ந்திருந்தார்கள். ஒரு லொட்ஜில் சின்ன அறை. போன் பேசுவதென்றால் பக்கத்துக் கொமினிக்கேஷன் கடைக்கு வந்து நிற்க வேண்டும்.

பத்து வருஷத்துக்குப் பிறகு மகளின் குரலை அன்றுதான் கேட்டேன். யாரோ ஒரு பெரிய பெண்ணின் குரல். சாப்பிட்டியா என்று கேட்டேன்.

“ஓம் அப்பா. அப்பா, இஞ்ச பக்கத்தில ஒரு கொலிஜ் இருக்கு. பாதியில விட்ட படிப்பைத் தொடரலாமாம். சேரட்டோ?”

“வேண்டாமம்மா. இந்த முறை கட்டாயம் முடிஞ்சிடும். ரோட்டில செக்கிங், பிடிக்கிறாங்கள் எண்டு கேள்விப்படுறன். நீ அறைக்குள்ளயே இரு. இஞ்ச வந்து படிக்கலாம்.”

“சரி அப்பா,” என்றாள்.

ஆவணியில் அவளுக்குப் பத்தொன்பது முடிந்தது. அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. லோயரின் கந்தோருக்குப் போன் எடுத்து, விசாரணையைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ள முடியாதா என்று கெஞ்சினேன். வரிசைப்படிதான் வரும் என்று அங்கே இருந்த பெண்பிள்ளை சொன்னது. கார்த்திகையில் வந்தது.

ஸ்காபரோவிலிருந்து ரயில் எடுத்து டவுன்டவுனுக்குப் போனேன். ஒரு சின்ன அறை, நீள மேசை, ஒரு கொடி, தண்ணீர்க் கூசா. விசாரிக்கிறவர் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு வயதான பெண்மணி. எனக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்று, இருபத்தைந்து வயதிருக்கும். என் லோயர் மறுபக்கம். வெங்காயத்தைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்லக்கூடியதாகப் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். எந்த மாதம் நடுகிறது, எத்தனை தண்ணீர், என்ன விலை. அந்த மனுஷி வெங்காயத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

“உங்கள் மகளைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? அப்போது அவருக்கு என்ன வயது?” என்று கேட்டார்.

“ஒன்பது,” என்றேன்.

யோசிக்கவே இல்லை. கேட்ட உடனே அவள் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டாள். அம்மாள் வருத்தம் மாறி, தலைக்கு வார்த்து மூன்று நாள். முகம் முழுக்கப் பொட்டுப் பொட்டாகக் காய்ந்த அடையாளம். அதைச் சொறியாதே என்று நான் ஏசிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

பெண்மணி பத்திரத்தைப் புரட்டினார். “நீங்கள் தொண்ணூற்றொன்றில் நாட்டை விட்டு வந்ததாக இருக்கிறது. அப்போது அவருக்குப் பதினான்கு அல்லவா?”

தடுமாறிவிட்டேன், தலையிடி, என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் கந்தோர் அண்ணை பழக்கித்தான் விட்டிருந்தார். ஆனால் எவ்வளவு முயன்றும் அந்தப் பதினான்கு வயது முகம் எனக்கு வரவில்லை. ஒரு நாளும் கண்டிராத முகத்தை எங்கே போய் எடுப்பது?

“அவளுக்குப் பதினாலு வயசில நான் அவளைக் காணேல்லை,” என்றேன்.

மொழிபெயர்க்கிற பிள்ளை என் முகத்தைப் பார்த்தது. “அங்கிள், நான் நீங்கள் சொன்னதை அப்பிடியே சொல்ல வேணும்,” என்றது மெல்ல.

“சொல்லுங்கோ பிள்ளை. நான் இனி எல்லாத்தையும் சொல்லப் போறன்.”

சொன்னேன். கிழக்கு பேர்லினில் இறங்கி மேற்குக்குப் போனது, வெட்ஸ்லார், அந்த ஹோட்டல், ஐந்து வருஷமாகத் தீராத வழக்கு, ஆளாளாகத் திருப்பி அனுப்பத் தொடங்கிவிட்டார்கள் என்று கேட்டுப் பயந்து கனடாவுக்கு ஏறியது. லோயர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பெண்மணி எழுதிக்கொண்டே இருந்தார். அங்கே என்ன செய்தீர்கள் என்றார். ஒரு பழைய கோர்ட்டின் நூதனசாலையைக் கூட்டினேன் என்றேன். எந்தக் கோர்ட் என்று கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்.

அப்படிக் கேட்க ஒருவரும் இல்லாமல் இருந்த மனுஷன் நான். ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றைந்தில் தொடங்கிக் கடகடவென்று கொட்டினேன். ஊரை எரிக்காமல் வழக்குப் போடச் சொன்னது, ஸ்பையர் எரிந்தது, நீதிபதிகள் போதாதது, வாசலில் தொப்பியோடு நின்றவர்கள். மொழிபெயர்க்கிற பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. பெண்மணி ஒரு இடத்தில் சிரித்தார். இவன் அங்கே இருந்துதான் இருக்கிறான் என்று அவருக்கு அதிலே தெரிந்திருக்கும்.

அரை மணித்தியாலம் வெளியே இருக்கச் சொன்னார்கள். திரும்பக் கூப்பிட்டு, என் சங்கக் கடையைப் பற்றியும் ஊரைப் பற்றியும் இன்னும் சில கேள்வி கேட்டுவிட்டு, அங்கேயே முடிவை வாசித்தார். பத்திரத்தில் பொய் எழுதியது கவலைக்குரியது, ஆனாலும் திருப்பி அனுப்பினால் உயிராபத்து இருக்கிறது என்று நம்புகிறேன், ஏற்றுக்கொள்கிறேன் என்றார். கடைசியில் கோப்புக்காக ஒரு வரி சேர்த்தார். இந்த விசாரணை இரண்டு தடவை ஒத்திவைக்கப்பட்டது, இரண்டு தடவையும் மனுதாரரின் வேண்டுகோளின் பேரில். பிள்ளை அதையும் பிசகாமல் எனக்குத் தமிழில் சொன்னது.

நடைபாதையில் லோயர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஜேர்மனியை மறைத்திருக்கவே தேவையில்லை, அதை வைத்து உங்களைத் தள்ளியிருக்க மாட்டார்கள், முதல் நாளே சொல்லியிருந்தால் தொண்ணூற்று மூன்றிலேயே முடிந்திருக்கும் என்றார். வாழ்த்துச் சொல்லும் குரலில்தான் அதையும் சொன்னார்.

அடுத்த கிழமை அவருடைய கந்தோரில் குடும்பத்தைக் கூப்பிடுகிற பத்திரம் நிரப்பினோம். மகளின் பிறந்த திகதியை எழுதிவிட்டு அவர் பேனா நின்றது. கலண்டரைப் பார்த்தார். மூன்று மாதம் பிந்திவிட்டது.

“படித்துக்கொண்டு இருக்கிறாரா?” என்று கேட்டார். முழு நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிற பிள்ளை என்றால் பத்தொன்பது தாண்டினாலும் சேர்க்கலாமாம். ஏதாவது ஒரு கொலிஜ், ஒரு கடிதம், போதுமாம்.

இல்லை என்றேன். நான்தான் வேண்டாம் என்று சொன்னேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. எழும்பி வெளியே வந்து பஸ் ஸ்டொப்பில் நின்றேன். மூன்று பஸ் போனது. ஏறத் தோன்றவில்லை. என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும்போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கொழும்புக்குப் போன் எடுத்தேன். முதலில் மனைவிதான் பேசினாள்.

“என்னப்பா, என்னவாம்?”

“ஏற்றுக்கொண்டிட்டாங்கள்.”

அவள் போட்ட சத்தத்தில் அந்தக் கடையில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்திருக்கும். “பிள்ளையாரப்பா! இஞ்ச வா மோனை, அப்பாக்குக் கேஸ் வெண்டிட்டுது!” என்று கத்தினாள். “அப்ப எப்ப எங்களுக்கு விசா?”

“உமக்கு வரும்.”

“எனக்கெண்டால்?”

சொன்னேன். வயது தாண்டிவிட்டது, அவளைச் சேர்க்க ஏலாதாம். மனைவி, “குமர்ப்பிள்ளையை இந்த லொட்ஜில தனிய விட்டிட்டு நான் எங்கயப்பா வாறது?” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கட்டுப்படுத்தப் பார்த்தேன், முடியவில்லை.

போன் கை மாறியது.

“அப்பா, அழாதேங்கோ,” என்றாள் மகள். “நீங்கள் என்ன செய்யிறது? அவங்கள்தானே வருசக்கணக்கா இழுத்தடிச்சவங்கள். நீங்கள் எவ்வளவு கரைச்சல்பட்டிருப்பியள். உங்கட பிழை ஒண்டும் இல்லை அப்பா.”

இப்போது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு வசனம்தான். முன்பின் தெரியாத ஒரு பெண்மணிக்கு முன்னால் ஐந்து வருஷத்தையும் கொட்டியவனுக்கு அந்த ஒரு வசனம் வரவில்லை.

“ஓமம்மா,” என்றேன். “அவங்கள்தான் இழுத்தவங்கள்.”

மனைவி இரண்டு வருஷம் கழித்து, மகளுக்குக் கொழும்பில் ஒரு கலியாணத்தைச் செய்துவைத்துவிட்டுத்தான் வந்தாள். மாப்பிள்ளை நல்ல பொடியன் என்கிறார்கள். கலியாணத்தை நான் வீடியோவில் பார்த்தேன். நாங்கள் இப்போது ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில் அஜக்ஸில் இருக்கிறோம். மகளுக்கு இரண்டு பிள்ளைகள். தாங்கள் ஏன் கனடாவில் இல்லை என்று அதுகள் தாயைக் கேட்கிறதாம். அம்மம்மாவும் அம்மாவும் போக எல்லாம் சரியாக இருந்ததாம், கனடாக் கோர்ட்தான் தாத்தாவின் வழக்கை இழுத்து இழுத்து அநியாயம் செய்துபோட்டதாம் என்று அவள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். போன கிழமை மூத்தது போனில் என்னிடம் கேட்டது, உண்மையா தாத்தா என்று. ஓம் என்று சொன்னேன்.